கார்டோமா: தமிழில் முதுகுநாண் கட்டி

கார்டோமா என்ற அரிய வகைப் புற்றுநோயின் பெயருக்கும் இதயத்தைக் குறிக்கும் 'கார்டியோ'வுக்கும் எந்த உறவும் இல்லை. இது கிரேக்கக் 'கோர்டே'யிலிருந்து வந்த சொல். குடல், குடலை முறுக்கிச் செய்த யாழ் நரம்பு, கயிறு என்றெல்லாம் அதற்குப் பொருள். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஓமா' கட்டியைக் குறிக்கும் விகுதி.

சரி, எந்தக் கயிறு? பள்ளி விலங்கியலில் 'முதுகுநாணிகள்' என்று படித்தோமே, அந்த முதுகுநாண்தான். கருவில் முதுகெலும்புக்கு முன்பே உருவாகும் மெல்லிய தண்டு அது. முதுகெலும்பு வந்ததும் அதன் வேலை முடிந்துவிடும், ஆனால் துணுக்குகள் அங்கங்கே தங்கிவிடுவதுண்டு, அதிலிருந்து மிக அரிதாக, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, கட்டி கிளம்புகிறது. அதனால்தான் மண்டையோட்டின் அடித்தளம், முதுகெலும்பு, கீழே திரிக எலும்பு (வால் எலும்புக்குச் சற்று மேலே இருப்பது) என்று நாண் ஓடிய பாதையிலேயே வருகிறது. 1857-ல் ஜெர்மன் நோயியல் அறிஞர் விர்ஷோ இதன் குமிழ் குமிழான செல்களைப் பார்த்து, குருத்தெலும்பு என்றே நினைத்தார். முதுகுநாணின் மிச்சம் இது என்று மறு ஆண்டு சொன்னவர் மியூல்லர் என்ற இன்னொரு ஜெர்மன் அறிஞர். இன்று முதுகுநாண் செல்களுக்கு உரிய பிராக்கியூரி என்ற புரதத்தைச் சோதித்து உறுதி செய்கிறார்கள்.

ஆகவே தமிழில் 'முதுகுநாண் கட்டி' என்பதே சரி. 'தண்டுவடக் கட்டி' என்று எழுதாதீர்கள். தண்டுவடம் மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் திசு, இதுவோ எலும்பில் தொடங்குவது. வில்நாண், குரல்நாண் என்று புழங்கும் நமக்கு 'நாண்' அந்நியமும் இல்லை.

மெதுவாக வளர்வதால் இதைச் சாதாரணக் கட்டி என்று நினைத்துவிடக் கூடாது, இது புற்றுநோய்தான். கண்ணில் இரட்டையாகத் தெரிவது, உட்கார்ந்தால் வால் எலும்பில் வலி, மலச்சிக்கல் என்று ஆரம்பிப்பதால் வேறு எதற்கோ வைத்தியம் பார்த்து மாதக்கணக்கில் போய்விடும். எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும். அப்புறம் பயாப்சி, அதாவது சோதனைக்குக் கொஞ்சம் திசு எடுப்பது: ஊசி போன வழியிலேயே செல்கள் ஒட்டிக்கொண்டு வளரக்கூடும் என்பதால், அறுவை செய்யப்போகும் மருத்துவரே அந்த வழியைத் திட்டமிட வேண்டும், திரிக எலும்பில் என்றால் மலக்குடல் வழியாக எடுக்கவே கூடாது. முதல் அறுவை சிகிச்சையில் எவ்வளவு முழுமையாக எடுக்கிறார்கள் என்பதுதான் பெரிதும் முக்கியம், அதனால் இதில் பழக்கமுள்ள மையத்தைத் தேடிப் போங்கள். வழக்கமான கீமோ இதற்குப் பெரிதாகப் பலிப்பதில்லை. மிச்சத்துக்கு உயர் அளவு கதிர்வீச்சு வேண்டும், மண்டையோட்டின் அடித்தளத்தில் என்றால் பக்கத்திலேயே மூளைத்தண்டு இருப்பதால், குறித்த ஆழத்தில் நின்றுவிடும் புரோட்டான் கதிரைப் பல இடங்களில் விரும்புகிறார்கள். சென்னையில் 2019 முதல் அந்த வசதி இருக்கிறது. பல ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடியது என்பதால் எம்ஆர்ஐ பின்தொடர்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.