மூளைக்குக் கொழுப்பு வேண்டும் என்று கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் நான் நோயாளர் பார்க்கும் இடத்தில், ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என் மேசையில் ஒரு பழைய ஜாம் போத்தலை வைத்தார். உள்ளே தேங்காய் எண்ணெய். ஏசி போட்ட வரவேற்பறையில் ஒரு மணித்தியாலம் காத்திருந்ததில், எண்ணெய் போத்தலின் ஓரங்களில் வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.

"விடிய ரெண்டு கரண்டி, இரவைக்கு ரெண்டு கரண்டி, பிள்ளை. நாலு மாசமாக் குடிக்கிறன். மறதிக்கு நல்லதாம்."

பக்கத்தில் இருந்த மருமகள் மெல்லச் சொன்னார்: "கொலஸ்ட்ரோல் குளிசையையும் மாமி விட்டுட்டா, டொக்டர். கனடாவிலயிருந்து இவற்ற தம்பி ஒரு வீடியோ அனுப்பினவர்."

டீச்சருக்கு 74 வயது. ஒன்பது வருடங்களுக்கு முன் இதயக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர். 68 ஆக இருந்த எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரோல், இப்போது 171. இந்த வருடத்தில் இதே கதையோடு வந்த ஆறாவது ஆள் இவர். எனக்குப் பொறுமை போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். மூளையில் 60 வீதம் கொழுப்பாம். கொலஸ்ட்ரோலைக் குறைத்தால் மூளை வற்றிவிடுமாம். ஆகவே எண்ணெய் குடி, குளிசையை வீசு. அந்த 60 வீதம், மூளையிலுள்ள தண்ணீரை முழுவதும் எடுத்த பிறகு மிஞ்சுவதில் உள்ள கணக்கு. சரி, அதை விடுவோம். மூளைக்குக் கொழுப்பு முக்கியம் என்பது உண்மைதான். உடல் எடையில் 2 வீதம் மட்டுமே உள்ள மூளையில், உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் கிட்டத்தட்ட கால்வாசி இருக்கிறது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையில்தான் அதில் பெரும்பங்கு.

ஆனால் அது நீங்கள் சாப்பிட்ட கொலஸ்ட்ரோல் அல்ல. இதைத்தான் நான் ஒவ்வொரு கிழமையும் தொண்டை வற்றச் சொல்கிறேன். இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோல் அதைத் தாண்டி உள்ளே போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. நீங்கள் நாலு கரண்டி குடித்தாலும் நாப்பது கரண்டி குடித்தாலும் மூளையின் கொலஸ்ட்ரோல் கூடப்போவதில்லை. கூடுவது இரத்தத்தில். அது போய்ப் படிவது இதயக் குழாயிலும், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயிலும். மூளையைக் காப்பாற்ற என்று குடிக்கும் எண்ணெய் மூளையின் வாசலைத்தான் அடைக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் எல்டிஎல்லைக் கூட்டுவது அதுதான். சமையலுக்கு அளவோடு பாவியுங்கள், நானும் பாவிக்கிறேன். மருந்தாகக் குடிக்காதீர்கள்.

அப்படியானால் மறதி நோய்களில் ஒன்றான அல்ஸைமருக்கும் கொழுப்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, நிறைய. இந்த நோய்க்குப் பெயர் தந்த டொக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் 1907இல் எழுதிய அறிக்கையிலேயே, இறந்துபோன தன் நோயாளி ஒருத்தியின் மூளையில் நரம்புகளுக்குத் துணையாக இருக்கும் கலங்களுக்குள் கொழுப்பு சேர்ந்திருந்ததைக் குறித்திருக்கிறார். இந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்ட், டாவ் என்ற புரதங்களைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். இந்தக் கொழுப்பைத்தான் வெகுகாலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1993இல் அபோஈ4 என்ற மரபணு வகைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. அந்த மரபணு உருவாக்கும் அபோஈ என்பது மூளைக்குள் கொழுப்பைச் சுமந்துபோய் நரம்புக் கலங்களுக்குக் கொடுக்கும் புரதம். அதன் 4ஆம் வகை இந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை. போய்ச் சேரவேண்டிய கொழுப்பு வழியிலேயே தேங்குகிறது. மூளையைத் துப்புரவு செய்யும் கலங்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைந்திருப்பதை, முக்கியமாக தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அபோஈ4 பெற்ற அல்ஸைமர் நோயாளர்களில், ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2024இல் காட்டினார்கள். ஆக, இங்கே சிக்கல் மூளையில் கொழுப்புப் போதாமல் போனதல்ல. இருக்கிற கொழுப்பு போகவேண்டிய இடத்துக்குப் போகாததுதான்.

இன்னொன்று. மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும், நாம் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் 14ஐப் பட்டியலிட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டில் ஒன்று, நடுவயதில் எல்டிஎல் கூடியிருப்பது. வீடியோ சொல்வதற்கு நேர் எதிர். ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரோல் குளிசை எடுக்கும் சிலருக்கு நினைவு மந்தமாவதாக முறைப்பாடுகள் வந்ததும், 2012இல் அமெரிக்காவில் அதன் லேபிளில் அதைச் சேர்த்ததும் உண்மை. நிறுத்தினால் சரியாகிவிடும் மந்தம் அது. பெரிய ஆய்வுகளில் ஸ்டாட்டினால் மறதி நோய் கூடியதாகத் தெரியவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றினால் வந்து சொல்லுங்கள், வேறு குளிசைக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தக்கூடாது. தயவுசெய்து.

வெளிநாட்டிலிருந்து எச்சில் பரிசோதனைப் பெட்டி வரவழைத்து அபோஈ4 இருக்கிறதா என்று பார்ப்பவர்களும் வருகிறார்கள். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. முடிவைப் பார்த்துவிட்டு நித்திரை இல்லாமல் என்னிடம் வருவதைவிட, முதலில் பிரஷரைப் பாருங்கள்.

டீச்சரின் மறதிக்கு வருகிறேன். சலரோகத்துக்குப் பதினைந்து வருடமாக மெட்போமின் எடுக்கிறார். நீண்டகாலம் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம். பார்த்தோம், நன்றாகக் குறைந்திருந்தது. காதும் சரியாகக் கேட்கவில்லை. பி12க்கு ஊசி தொடங்கியிருக்கிறோம், காதைப் பரிசோதிக்க அனுப்பியிருக்கிறோம். மறதி எவ்வளவு திரும்புமோ பார்க்கவேண்டும். இந்த நாலு மாதமும் எண்ணெயில் போய்விட்டது என்பதுதான் என் ஆத்திரம்.

வீட்டில் யாராவது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தெரிந்த வழியில் தடுமாறினால், "அறளை பெயர்ந்திட்டுது" என்று சொல்லி மூலையில் இருத்தாதீர்கள். கூட்டிக்கொண்டு வாருங்கள். பி12, தைரொயிட், மனச்சோர்வு, நித்திரைக் குளிசை எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். அல்ஸைமர்தான் என்று தெரிந்தாலும் குடும்பத்துக்குத் துணை இருக்கிறது, கொழும்பு 10இல் லங்கா அல்ஸைமர் பவுண்டேஷன் இருக்கிறது. சாளை, கும்பிளா மீன் சாப்பிடுங்கள், நல்லது. மீன் எண்ணெய்க் குளிசை நோயை மெதுவாக்கும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், பரிசோதனைகளில் அப்படி நடக்கவில்லை. கடற்கரைப் பக்கம் தினமும் நடவுங்கள். வரும்போது குளிசைப் பையை முழுதாகக் கொண்டுவாருங்கள், எண்ணெய்ப் போத்தலோடு.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மாவில் உள்ள பாசத்தில்தான் அனுப்புகிறீர்கள், எனக்குத் தெரியும். அடுத்த வீடியோவை அனுப்பமுதல், அவர் என்ன குளிசை, எதற்காக எடுக்கிறார் என்று ஒருதரம் கேளுங்கள். விளங்காவிட்டால் அவரைப் பார்க்கும் டொக்டருக்கு ஒரு கோல் எடுங்கள்.