நானூறு வேலைகளும் ஒரு வகுத்தல் கணக்கும்

ஒரு மென்பொருள் குழுவின் பட்டியலில் 400 வேலைகள் காத்திருக்கின்றன. குழுவால் இரண்டு வாரத்துக்குப் பத்து வேலைகளை முடிக்க முடிகிறது. இன்று பட்டியலின் கடைசியில் சேரும் வேலைக்கு எப்போது முறை வரும்? 400ஐப் பத்தால் வகுத்தால் 40 தவணை, அதாவது 80 வாரம். "சீக்கிரம் செய்துவிடுகிறோம்" என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தவர் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்.

வேலையைச் சிறு தவணைகளாகப் பிரித்துச் செய்யும் 'அஜைல்' முறையில் இயங்கும் குழுக்கள் இந்தப் பட்டியலை 'பேக்லாக்' என்கின்றன. குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு நெடுநேரம் எரிய வேண்டும் என்று பின்பக்கமாகப் போட்டுவைக்கும் பெரிய கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர் இருந்தது. சேமித்துவைத்த விறகு என்ற அந்த நினைப்பு இன்னும் போகவில்லை போலும். பட்டியல் நீளமாக இருந்தால் பலருக்கு ஒரு செழிப்பு உணர்வு வருகிறது. உண்மையில் அது ஒரு கியூ.

கியூவுக்கு விதி உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது அது: நிலையாக இயங்கும் எந்த வரிசையிலும், நிற்பவர்களின் சராசரி எண்ணிக்கையை நகரும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு கிடைக்கும். யாரை முன்னால் விடுகிறோம் என்பது இந்த விதிக்குப் பொருட்டல்ல. பட்டியலுக்குப் பொறுப்பான 'புராடக்ட் ஓனர்' அவசர வேலைகளை மேலே ஏற்றினால் அவை சீக்கிரம் முடியும். கீழே இருப்பவை அந்த அளவுக்கு இன்னும் அமிழும். வேலைகள் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் சராசரி அசையாது.

வரிசைப்படுத்துவதால் பயனில்லை என்று சொல்லவில்லை. ஒரு வேலை தாமதமானால் வாரத்துக்கு 3 லட்சம் ரூபாய் இழப்பு, அதைச் செய்ய மூன்று வாரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் இழப்பு வாரத்துக்கு 2 லட்சம், ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பெரியதை முதலில் செய்தால் அதற்கு 9 லட்சம், நான்காம் வாரம் முடியும் சிறியதற்கு 8 லட்சம். மொத்தம் 17 லட்சம் இழப்பு. சிறியதை முதலில் செய்தால் 2 லட்சமும் 12 லட்சமும் சேர்ந்து 14 லட்சத்தோடு போகும். வார இழப்பைச் செய்யும் காலத்தால் வகுத்து, விடை பெரிதாக வருவதை முன்னால் வை என்கிறது கணக்கு. தொழிற்சாலை இயந்திரங்களை மனத்தில் வைத்து வெய்ன் ஸ்மித் 1956இல் காட்டிய வழி இது.

ஆனால் அளவு தெரியாத வேலையை எதால் வகுப்பது? 'ரிஃபைன்மென்ட்' எனப்படும் செப்பனிடும் கூட்டம் அதற்காகத்தான். "நோயாளி தன் முன்பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும்" என்று ஒரு மருத்துவமனைச் செயலிக்கான வரி இருக்கிறது. அதே மருத்துவரிடம் வேறு நேரமா, வேறு மருத்துவரிடமா? கட்டிய பணம் என்ன ஆகும்? கேட்கக் கேட்க அந்த ஒரு வரி நான்கு வேலைகளாக உடைகிறது. முதலாவதை மட்டும் இப்போது செய்தாலே பெரும்பாலான நோயாளிகளுக்குப் போதும் என்றும் தெரியவரலாம்.

பிறகு சீட்டு விளையாட்டு. ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் எழுதிய 'பிளானிங் போக்கர்' முறைப்படி வேலையின் அளவுக்குத் தாம் மதிப்பிடும் எண் உள்ள சீட்டை எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்புகிறார்கள். 3, 5, 8, 13 என்று எண்கள் விலகிக்கொண்டே போவதற்குக் காரணம், வேலை பெரிதாகப் பெரிதாக நம் ஊகமும் மங்கலாவதுதான். ஒருவர் 3 என்றும் மற்றவர் 13 என்றும் காட்டினால் கூட்டம் நடத்தியதற்குக் கூலி கிடைத்துவிட்டது என்பேன். ஒருவருக்குத் தெரிந்த ஒரு சிக்கல் மற்றவருக்குத் தெரியவில்லை என்று பொருள். நடுவில் 8 போட்டுச் சமாதானமாகிப் போகும் குழுக்கள் அந்தக் கூலியைத் தூக்கி எறிகின்றன.

பட்டியல் முழுவதையும் இப்படிச் செப்பனிடுவதும் வீண்தான். அடியில் கிடப்பதன் முறை வருவதற்குள் தேவையே மாறியிருக்கும். அஜைல் முறைகளில் ஒன்றான 'ஸ்க்ரம்' முறையின் வழிகாட்டியில் பழைய பதிப்புகள் குழுவின் உழைப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டாம் என்றன. 2020 பதிப்பில் அந்த வரம்பு இல்லை.

பலருக்கும் மனம் வராத வேலை, அழிப்பது. ஒரு வருடமாக யாரும் தொடாத வரியை நீக்கினால் என்ன ஆகும்? உண்மையிலேயே தேவையென்றால் கேட்டவரே மறுபடி வந்து கேட்பார். அப்படி 250 வரிகள் போனால், அதே குழுவிடம், அதே வேகத்தில், கடைசி வேலையின் முறை 80 வாரத்துக்குப் பதில் 30 வாரத்தில் வந்துவிடுகிறது.