பழைய மேஜை ரம்பத்துக்குப் பேரிங் மாற்றுவது: அடி எந்த வளையத்தில் விழ வேண்டும்?

செங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை, புதிதாகத் தச்சுப் பட்டறை போடுகிறவர்கள் மேஜை ரம்பத்தைப் பழசாகவே பார்த்து வாங்குவதுண்டு. ஓடவிடும்போது உறுமல் கேட்டால், "கிரீஸ் வச்சா போயிரும் அண்ணாச்சி" என்பார் விற்பவர். போகாது. இருபுறமும் மூடிய பேரிங்குக்குள் வெளியிலிருந்து கிரீஸ் ஏறாது. அப்படியே ஏறினாலும், உள்ளே குண்டுகள் உருண்டு குழி விழுந்த தடம் பழையபடி வழவழப்பாகாது.

பேரிங்கின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. குண்டும் தடமும் நேராக உரசாமல் காப்பது, கிரீஸிலிருந்து கசியும் எண்ணெய்ப் படலம். மூடியின் ஓரமாக நுழையும் மரத்தூள் அந்த எண்ணெயை உறிஞ்சிவிடும். சாரல் காலத்தில் அதே தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவையும் கொண்டுவரும். பிறகு தடத்தில் செதில் பெயரும், சத்தம் தொடங்கும்.

சத்தம் மோட்டாரிலா, பிளேடைத் தாங்கிச் சுற்றும் தண்டான பிளேடு ஷாஃப்டிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டையும் பிளேடையும் கழற்றுங்கள். பிளேடு நட்டு, பிளேடு சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் திருகினால் இன்னும் இறுகும். இப்போது மோட்டார் ஷாஃப்டையும் பிளேடு ஷாஃப்டையும் தனித்தனியாகக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். விரலில் நறநறப்புத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. மேலும் கீழும் அசைத்துப் பார்த்து ஆட்டம் தெரிந்தாலும் அப்படியே.

நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் கிடைத்தால், பிளேடு சாயும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்துப் பாருங்கள். 50 மி.மீ. ஃபிளாஞ்சின் ஓரத்தில் 0.03 மி.மீ. ஆட்டம் இருந்தால், 300 மி.மீ. பிளேடின் விளிம்பில் அது ஆறு மடங்காகி 0.18 மி.மீ. ஆகும். தேக்குப் பலகையின் வெட்டுமுகத்தில் கருகல் கோடும் ரம்பத் தடமும் விழ இதுவும் ஒரு காரணம்.

கழற்றும்போது வாஷர், சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கம்பி), கீ (புல்லியை ஷாஃப்டோடு பூட்டும் கட்டை) எல்லாவற்றையும் வந்த வரிசையில் படம் எடுத்து வையுங்கள். பழைய பேரிங்கின் எண்ணைத் துடைத்துப் படித்தால் கடையில் அதைச் சொன்னாலே போதும். 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. (04 முதல் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். அதற்குக் கீழே உள்ள 6203-க்கு 17.) பிளேடு ஷாஃப்டுக்கு ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வாங்குங்கள், தகர மூடியுள்ள இசட்இசட் மரத்தூளைத் தடுக்காது. மோட்டாரில் சி3 என்று இருந்தால் அதையே போடுங்கள். சூட்டில் விரிவதற்காக உள் இடைவெளி கூட்டிச் செய்தது அது.

இனித்தான் முக்கியமான வேலை. ரம்பத்தில் பெல்ட் எப்போதும் ஒரே திசையில் இழுக்கிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது. அதனால் உள்வளையம் ஷாஃப்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். வெளிவளையம், பேரிங் உட்காரும் கூடான ஹவுசிங்கில் கைவிரலால் தள்ளினால் போகிற அளவுக்கு இருந்தால் போதும். ஷாஃப்டில் ஏற்றும்போது விசை உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தைச் சுத்தியலால் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகத் தடத்துக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுந்து, புதுப் பேரிங் அன்றைக்கே இரையத் தொடங்கும். உள்வளையத்தில் மட்டும் உட்கார்ந்து, ரப்பர் மூடியைத் தொடாத அளவில் ஒரு குழாயை வெட்டி, அதன் தலையில் தட்டுங்கள்.

சூடுபடுத்திப் போடுவது இன்னும் நல்லது. 6205-ஐ 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் துளை சுமார் 0.015 மி.மீ. விரியும். பெரும்பாலும் அதுவே போதும். 80-ஐத் தாண்டினால் ரப்பரும் கிரீஸும் கெடலாம். கேஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டவே கூடாது. ஷாஃப்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் வேலை இன்னும் எளிது. ஏற்றியதும் பேரிங், ஷாஃப்ட் தடிக்கும் படியான தோள்பட்டையோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள், ஆறும்போது பின்வாங்கும்.

ஷாஃப்ட் தேய்ந்து உள்வளையம் கையாலேயே நுழைந்தால், சிலர் கூர்முனை உளியான சென்டர் பஞ்சால் ஷாஃப்டைச் சுற்றிப் புள்ளி குத்துவார்கள். தயவுசெய்து வேண்டாம். மேடாக எழும்பும் புள்ளிகள் நசுங்கியதும் பேரிங் மறுபடி தளரும், ஷாஃப்டும் மையம் தப்பும். நூறில் சில பங்கு மி.மீ. தேய்மானத்துக்குப் பேரிங் ஒட்டும் பசை தாங்கும். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்து, வெல்டு நிரப்பிக் கடைந்து வாங்குவதே வழி.

பெல்ட் மாட்டும்போது இரண்டு புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான பட்டை வைத்துப் பாருங்கள். புல்லிகளுக்கு நடுவே 400 மி.மீ. இருந்தால், பெல்ட் நடுவில் சுமார் 6 மி.மீ. அமுங்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்குவதுதான் நல்ல பேரிங்குகளையும் கொல்கிறது.

பிளேடு இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கியபின் ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் இறுக்கம் அதிகம், அல்லது இரண்டு பேரிங்குகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் நெரிக்கின்றன. ஒன்று நிலையாக நிற்க, மற்றது ஹவுசிங்கில் சற்று நகர இடம் இருக்க வேண்டும். பிறகு ஃபிளாஞ்சில் மறுபடி டயல் கேஜ் வையுங்கள். சுத்தம் செய்ய பிரஷ் போதும். கம்ப்ரஸர் காற்றைப் பேரிங் மேல் பீச்சினால் அந்தத் தூளே மூடிக்குள் ஏறிவிடும்.