பிளம்ஸ் பழத்தின் ருசியில் வேருக்கு என்ன பங்கு?

தோட்டத்தில் நிற்கும் பிளம்ஸ் மரம் பெரும்பாலும் ஒரு செடி அல்ல, இரண்டு. மேலே பழம் தரும் ரகம், கீழே வேறொரு செடியின் வேர். விதை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் பழம் அப்படியே வராது. அதனால் வேண்டிய ரகத்தின் மொட்டை எடுத்து வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். புதுப் பழ ரகங்களை உருவாக்கிய லூதர் பர்பாங்க் கலிபோர்னியாவில் 1906-ல் வெளியிட்ட சாந்தா ரோசா ரகமும் ஒட்டு மூலமாகத்தான் பெருகி வந்திருக்கிறது.

வேரை மாற்றினால் ருசி மாறுமா? மாறலாம். ஆனால் மண்ணிலிருந்து இனிப்பு ஏறி வருவதாக நினைத்தால் தவறு. சர்க்கரை தயாராவது இலையில். அங்கிருந்து பெரும்பகுதி சார்பிட்டால் என்ற, சர்க்கரை போன்ற பொருளாகப் பழத்துக்குப் போய், பிறகு மற்ற சர்க்கரைகளாக மாறுகிறது. தோலின் நிறத்தையும் வாசனையையும் தீர்மானிக்கும் மரபணுக்களும் மேலே இருக்கும் ரகத்தினுடையவை. வேர் கவனிப்பது தண்ணீர், தாதுக்கள், மரத்தின் வளர்ச்சி ஆகியவற்றை. இலையின் உழைப்பு இவற்றை நம்பித்தான் நடக்கிறது.

முதலில் தண்ணீர். பிளம்ஸுக்குப் பீச் வேரையும் பயன்படுத்துவதுண்டு. மணல் கலந்த, நீர் வடியும் மண்ணில் அது நன்றாக வரும். அங்கே தொல்லை தரும் வேரில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழு என்ற நுண்புழுவைத் தாங்க நெமாகார்டு என்ற பீச் வேர் இருக்கிறது. அதையே களிமண்ணில் வைத்து, மழைநீரும் தேங்கிவிட்டால் கதை வேறு. காற்றில்லாமல் தவிக்கும் வேரில் புரூனாசின் என்ற பொருள் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. தன் விஷத்தாலேயே வேர் சாகிறது! மைரோபாலன், மரியானா போன்ற பிளம்ஸ் வகை வேர்கள் இந்த ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

சுண்ணாம்பு மண்ணில் சிக்கல் இன்னொரு விதம். இரும்பு மண்ணில் நிறையவே இருக்கும், ஆனால் காரத்தன்மையால் கரையாது. இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கக்கூடும். வெளுத்த இலை சர்க்கரை தயாரிப்பதும் குறைவு, பழமும் சிறுத்துப்போகும். பீச்சும் பாதாமும் கலந்த ஜி.எஃப். 677 போன்ற வேர்கள் இத்தகைய மண்ணிலும் இரும்பை எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் மரத்தின் உயரம். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையம் தந்த பிக்ஸி வேரில் மரம் குட்டையாகவே நிற்கும். பீச் மரங்களில் செய்த ஆய்வுகளின்படி, மரத்தைக் குட்டையாக்கும் வேர்களுக்குள் தண்ணீர் ஏறும் நுண்குழாய்கள் குறுகலானவை. நண்பகலில் தண்ணீர் ஏறுவது குறைய, கிளைகளின் வளர்ச்சியும் மட்டுப்படுகிறது. உள்கிளை வரை வெயில் விழுவதால் பழத்தில் நிறம் நன்றாக ஏறும். ஆனால் பிக்ஸியில் பிஞ்சுக் காய்களில் சிலவற்றைப் பறித்துக் குறைக்காவிட்டால் பழம் சிறுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் வேர்களை ஒப்பிடும் பலர் சறுக்குகிறார்கள் என்பேன். ஒரு மரத்தில் காய் குறைவாகவும் இன்னொன்றில் நெருக்கமாகவும் இருந்தால், ஒரு பழத்துக்கு எத்தனை இலை என்ற கணக்கே மாறிவிடுகிறது. காய் குறைந்த மரத்தில் பழம் இனித்தால் அந்தப் பெருமையை வேருக்குக் கொடுக்க முடியாது.

காய்ப்பு மண்ணின் குறையையும் வெளிக்கொண்டு வரும். உலர்த்துவதற்கான பிளம்ஸ் வளரும் கலிபோர்னியத் தோட்டங்களில் சில களிமண்கள் பொட்டாசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பழமோ அதை ஏராளமாக இழுக்கும். காய்ப்பு மிகுந்த வருடத்தில் இலை ஓரம் கருகி, கிளை நுனியும் காய்ந்துபோகும். அதனால் உரத்தைப் பரவலாகத் தூவாமல், மண்ணின் பிடிப்பை மீறும் அளவுக்கு ஒரே பட்டையாகக் குவித்து இடுகிறார்கள். இலைவழித் தெளிப்பும் உண்டு.