பைகேட்ச்: தமிழில் என்ன சொல்வது?

கடல்வளம் பற்றிய செய்திகளில் ‘பைகேட்ச்’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. பிடிக்கப் போனது ஒன்று, வலையில் கூடவே மாட்டியது வேறு பல. அந்த வேறு பலவற்றுக்குத்தான் இந்தப் பெயர். இறாலுக்கு என்று மடி, அதாவது பை போன்ற இழுவை வலை, இழுக்கிறார்கள். மடி மேலே ஏறும்போது இறாலோடு காரல், சின்ன நண்டு, சொறிமீன், பேத்தை, கடல்குதிரை, கடல்பாம்பு, விரல் நீளம்கூட வளராத மீன்குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து ஏறும். சில நாள் ஆமையும் வரும். வெப்பமண்டலக் கடல்களில் இறால் இழுவையைப் பொறுத்தவரை, இப்படிக் கூட வருவதன் எடை இறாலைப் போலப் பல மடங்கு இருப்பது சாதாரணம்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ‘கேட்ச்’ என்றால் பிடிப்பு. ‘பை’ என்பது ‘பக்கத்தில்’, ‘ஒட்டி’ என்று பொருள்படும் பழைய முன்னொட்டு. ஒரு பொருளைத் தயாரிக்கும்போது கூடவே கிடைப்பதை ‘பை-ப்ராடக்ட்’ என்கிறார்களே, அதே ‘பை’தான். ஜெர்மன்காரர்கள் ‘பைஃபாங்’ என்பதும் டென்மார்க், நார்வே நாட்டவர் ‘பிஃபாங்ஸ்ட்’ என்பதும் இதே அமைப்பு. பிரெஞ்சில் ‘துணைப் பிடிப்பு’ என்கிற மாதிரியும், ஸ்பானிய மொழியில் ‘தற்செயல் பிடிப்பு’ என்கிற மாதிரியும் வழங்குகிறார்கள். தமிழில் இன்று புழங்கும் மொழிபெயர்ப்புகளிலும் இந்த இரண்டு சாயல்களும் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லின் பொருள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எது பைகேட்ச் என்பதை மீனின் இனம் முடிவு செய்வதில்லை; பிடிக்கப் போனவரின் நோக்கமும் கரையில் இருக்கும் சந்தையும்தான் முடிவு செய்கின்றன. கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இறால் இழுவைப் படகுகளில் ஒரு காலத்தில் அது கூட வந்து விழுந்த சரக்கு. ஏற்றுமதி வந்தபின் அதற்கென்றே படகு போகிறது. காரலும் அப்படித்தான்: இறால் படகில் அது வேண்டாத மீன், செவுள்வலை போடுபவருக்கு அன்றைய வருமானம்.

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ‘சங்காயம்’ என்று ஒரு சொல் உண்டு. சாப்பாட்டுக்கு விலைபோகாத பொடிமீன், உடைந்த மீன், குஞ்சு எல்லாம் கலந்த குவியலுக்கு அந்தப் பெயர். காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புவார்கள். முன்பெல்லாம் பல நாள் தங்கல் போகும் படகுகள் ஐஸ் பெட்டியில் இறாலுக்கு இடம் வேண்டும் என்று இதைக் கடலிலேயே வீசிவிட்டு வந்தன. மீன்தூள் ஆலைகள் பெருகியதும் அதற்கும் ஒரு விலை வந்தது, கரைக்கு வந்து சேர்கிறது.

உலக அளவிலும் இதே போக்கு தெரிகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1994-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பிடித்தபின் கடலில் வீசப்பட்ட மீன் ஆண்டுக்கு சுமார் 2.7 கோடி டன். 2005-ல் அதே அமைப்பின் மதிப்பீடு 73 லட்சம் டன். 2019-ல் சுமார் 91 லட்சம் டன். கணக்கிட்ட முறைகள் வேறுவேறு என்பதால் இவற்றை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் வீசுவது குறைந்ததற்கு, முன்பு வீசியதையும் விற்கத் தொடங்கியது ஒரு முக்கியக் காரணம். வீசுவது குறைந்துவிட்டது என்று மட்டும் படிப்பவருக்கு இது நல்ல செய்தி. கடலின் பக்கம் நின்று பார்த்தால், ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சு கடலில் செத்தாலும் தீவன மூட்டைக்குள் போனாலும் அடுத்த ஆண்டு மீன் குறைவதுதான் மிச்சம்.

இதனால்தான் 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சொல்லுக்கே புது வரையறை தந்தது: பயன்படுத்தப்படாதது, அல்லது எந்த மேலாண்மைக்கும் உட்படாதது எதுவோ அது பைகேட்ச். நோக்கத்தைக் கேட்காதே, அந்த மீனுக்கு வரம்பு ஏதும் இருக்கிறதா என்று கேள் என்பது அதன் வாதம். அப்படிக் கணக்கிட்டால் உலகக் கடல்களில் பிடிபடும் மீனில் சுமார் 40 சதவீதம் இதில் அடங்கும் என்றது அந்த ஆய்வு. எனக்கு இந்த வரையறை சரியான பக்கம் நிற்பதாகப் படுகிறது. கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளை வைத்து, முக்கிய மீன் இனங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தைக் கேரள அரசு சட்டமாக்கியதும் இதே சிந்தனைதான். குஞ்சு தானாக வலையில் விழுந்ததா, வேண்டுமென்றே பிடித்ததா என்ற கேள்வியே அங்கு எழாது.

ஆமையின் கதை வேறு. இறால் படகுகள் அதைத் தேடிப் போவதில்லை, விற்கக் கொண்டுவருவதும் இல்லை. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. மடி மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இழுபடும்போது மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அவை முட்டையிடக் கரை தேடி வரும் பருவம் அது. அறிவியல் இதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டது. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், அதன் பக்கத்தில் ஒரு திறப்பு. கம்பிகளுக்கு நடுவே சுமார் 10 செ.மீ. இடைவெளி இருப்பதால் இறால் உள்ளே போய்விடும். ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். அமெரிக்காவில் 1980-களின் முடிவிலேயே இறால் படகுகளுக்கு இது சட்டமாகிவிட்டது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. ஆனாலும் பிடித்த மீனில் ஒரு பகுதி அந்தத் திறப்பு வழியே போய்விடும் என்ற பயம் படகுக்காரர்களுக்கு இருக்கிறது. டீசல் விலையை வைத்துப் பார்த்தால் அது வெறும் சாக்கு இல்லை. இழப்பை ஈடுகட்டாமல் சட்டத்தை மட்டும் காட்டினால் கருவி கரையிலேயே கிடக்கும். இதற்கிடையே, ஆமையைக் காக்க ஏற்பாடு போதாது என்று அமெரிக்கா 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. வளர்ப்பு இறாலுக்கு அந்தத் தடை கிடையாது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘கழிவு மீன்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வஞ்சிரக் குஞ்சு எப்படிக் கழிவாகும்? ‘தற்செயல் பிடிப்பு’ என்பதும் பொருந்தாது. ஒவ்வொரு இழுப்பிலும் வரும் என்று தெரிந்தே வருவது தற்செயல் இல்லை. ‘துணைப்பிடிப்பு’ என்றால் முதன்மைப் பிடிப்புக்கு ஏதோ ஒத்தாசை செய்வது போல ஒலிக்கிறது. ‘சங்காயம்’ அருமையான சொல், ஆனால் அது விற்கும் சரக்கைக் குறிக்கும். ஆமையும் கடல்பசுவும் அதில் அடங்கா.

கடற்கரையில் பிடிப்பு என்று யாரும் பேசுவதில்லை, ‘மீன்பாடு’ என்பார்கள். ‘இன்னைக்கு நல்ல பாடு’, ‘வலையில் ஒன்றும் படவில்லை’ என்பது வழக்கு. கெடு கேடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல, படு பாடு ஆகிறது. இங்கே படுவது மீன். பிடித்தவரின் நோக்கம் சொல்லுக்குள் இல்லை. விழுந்த எல்லாமே பாடு. புது வரையறை கேட்பதும் இந்தப் பார்வையைத்தான். அப்படியானால் ‘உடன்பாடு’ என்று சொல்லலாமே என்றால், அந்தச் சொல்லை ஒப்பந்தம் என்ற பொருள் எப்போதோ எடுத்துக்கொண்டது. ஆகவே ‘உடன்பிடிப்பு’ என்பதே என் பரிந்துரை. ‘உடன்’ கூட வந்ததை மட்டும் சொல்கிறது. கழிவு என்றோ தற்செயல் என்றோ தீர்ப்பு எழுதுவதில்லை.

இதிலிருந்து மற்றவையும் எளிதாக வரும். மேலே சொன்ன கம்பிச் சட்டம் ‘ஆமை விலக்கி’. குஞ்சுகள் தப்பிக்கச் சதுர வலைக்கண் வைத்த மடி போன்றவை ‘உடன்பிடிப்புக் குறைப்புக் கருவிகள்’. சாதாரண வலைக்கண் இழுக்கும்போது சுருங்கி மூடிக்கொள்ளும், சதுரக் கண் திறந்தே இருக்கும். கரைக்கு வராமல் கடலிலேயே வீசப்படுவதை ‘வீசுமீன்’ எனலாம். உடன்பிடிப்பும் வீசுமீனும் ஒன்றல்ல. செய்தி எழுதும்போது இரண்டையும் குழப்பிவிடக் கூடாது. ராமநாதபுரத்தில் விற்பனைக்கு வரும் சங்காயம் உடன்பிடிப்பு, ஆனால் வீசுமீன் இல்லை. மடியிலிருந்து கடலிலேயே திரும்ப எறியப்படும் ஆமை இரண்டும்தான்.