நாமினி பெயர் கேட்கும் படிவம்: குழந்தைகளை வைத்து நடக்கும் மருந்து ஆய்வுகளும் 2019 விதிகளும்

போன வருடம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது, முகமும் காலும் வீங்குகிற சிறுநீரகக் கோளாறு, இரண்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்துவதும் திரும்ப ஆரம்பிப்பதுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஓபி-யில் ஒரு டாக்டரம்மா, ஒரு ஸ்டடி நடக்கிறது, பையனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, பதினாறு பக்கத்துக்கு ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அக்காவைப் பயமுறுத்தியது மருந்தின் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஆண்டு வருமானம் என்று ஒரு கோடு, அதற்குக் கீழே நாமினி என்று ஒரு கோடு. "எல்.ஐ.சி. பாரம் மாதிரி இருக்குடா. புள்ளைக்கு ஏதாவது ஆயிடும்னு அவங்களே எழுதிக் கேக்குறாங்களா?"

அந்த ஒரு கோட்டுக்குப் பதில் தேடப் போய் நான் படித்ததுதான் இது. இந்தியாவில் மனிதர்களிடம் புது மருந்தைச் சோதிக்க வேண்டுமென்றால் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019 என்ற மத்திய அரசு விதிகளின்படிதான் செய்ய முடியும். 2019 மார்ச் 19-இல் அறிவிக்கப்பட்டவை. நாமினி கோடு அந்த விதிகளிலேயே, மாதிரிப் படிவத்திலேயே இருக்கிறது. ஆய்வால் உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காக. ஆக அக்கா கேட்டது சரிதான், ஆனால் அது இல்லாத படிவத்தைப் பார்த்துத்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும்.

குழந்தைகளை வைத்து எதற்கு ஆய்வு, பெரியவர்களிடம் சோதித்துவிட்டு அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. பச்சைக் குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை உடைத்து வெளியேற்றும் வேகம் வேறு. பெரியவர்களுக்கு ஒத்துக்கொண்ட குளோராம்பெனிக்கால், பிறந்த குழந்தைகளின் உடலில் தேங்கி, அவர்களைச் சாம்பல் நிறமாக்கிக் கொன்றது 1950-களின் கடைசியில்தான் புரிந்தது. குழந்தைகளுக்கென்று அளவு வராத மருந்தை நம் வீட்டில் என்ன செய்கிறோம்? மாத்திரையைப் பாதியாக உடைத்து, ஸ்பூனில் நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். பாதி என்பது உண்மையில் பாதிதானா என்று யாருக்கும் தெரியாது.

நல்ல ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. தீவிரமில்லாத காசநோய் வந்த குழந்தைகளுக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதுதான் வழக்கம். நாலு மாதம் போதுமா என்று பார்க்க உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 16 வயதுக்குட்பட்ட 1,204 குழந்தைகளைச் சேர்த்தார்கள். இந்தியாவில் சென்னையும் புனேவும். ஷைன் என்று பெயர். 2022 மார்ச்சில் முடிவு வெளியானது: நாலு மாதமே போதும். புது மருந்து எதுவும் இல்லை, ஏற்கெனவே இருந்த மாத்திரைதான், ஒரு குழந்தைக்கு இரண்டு மாத மாத்திரை மிச்சம். வேலூரும் டெல்லியும் புனேவும் சேர்ந்த ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஆய்வு இன்னொன்று. 2011-இல் தொடங்கி 6,799 கைக்குழந்தைகள் அதில் சேர்ந்தார்கள். இன்றைக்கு அரசு தடுப்பூசி அட்டவணையில் இலவசமாக வாயில் ஊற்றப்படும் ரோட்டாவாக் சொட்டு மருந்து அங்கே சோதிக்கப்பட்டதுதான்.

சரி, கையெழுத்துக்கு வருவோம்.

18 வயதுக்குக் கீழே இருக்கிறவர் சட்டப்படி ஒப்புதல் கொடுக்க முடியாது. அப்பா அல்லது அம்மா, அவர்கள் இல்லையென்றால் சட்டப்படியான பாதுகாவலர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கமாக ஒருவர் கையெழுத்து போதும். குழந்தைக்கு நேரடிப் பலன் இல்லாமல் ஆபத்து மட்டும் கூடுதலாக இருக்கிற ஆய்வென்றால் இரண்டு பேர் கையெழுத்தும் தேவைப்படலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பலரும் கவனிக்காத விஷயம், குழந்தையிடமும் கேட்க வேண்டும் என்பது. 7 முதல் 12 வயது வரை அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லி வாய்மொழியாகச் சம்மதம் வாங்க வேண்டும், 12-க்கு மேல் அவர்களுக்கென்று தனியாக, எளிமையாக எழுதிய தாளில் கையெழுத்து. அக்கா மகனுக்கு ஒன்பது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை, நாம்தான் பிள்ளைகளிடம் ஊசி போடுவதையே கடைசி நிமிடம் வரை சொல்வதில்லையே.

பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரோ விடுதி வார்டனோ பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்து போட முடியாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஒரு ஆய்வு நடந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது, ஐ.சி.எம்.ஆரும் கூட இருந்தது. கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலரின் படிவத்தில் கையெழுத்து போட்டிருந்தது விடுதிக் காப்பாளர்கள். அந்தச் சமயத்தில் ஏழு சிறுமிகள் இறந்தார்கள். அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று விசாரணைக் குழு சொன்னது, 2010 ஏப்ரலில் ஆய்வை நிறுத்தினார்கள், 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை ஒப்புதல் வாங்கிய விதத்தைக் கடுமையாகவே சாடியது. தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மகள் எதில் சேர்க்கப்பட்டிருக்கிறாள் என்று அம்மாவுக்கே தெரியாமல் நடந்ததை அதை வைத்து நியாயப்படுத்த முடியாது.

இப்போது, முற்றிலும் புதிய மூலக்கூறைக் குழந்தைகள் போன்ற எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சோதித்தால், ஒப்புதல் வாங்குவதையே ஒலியோடு வீடியோ எடுக்க வேண்டும். கையெழுத்து போடுவதை மட்டும் எடுத்தால் போதாது, விளக்கிச் சொன்னதும் உங்களுக்குப் புரிந்ததும் பதிவாக வேண்டும். கேமராவைப் பார்த்துக் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டாதீர்கள், அங்கேதான் சந்தேகம் கேட்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருந்து எல்லாம் சொல்லப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். படிவம் தமிழில் வேண்டும் என்றால் தமிழில் கேளுங்கள், அது உரிமை. பூர்த்தி செய்த படிவத்தின் நகல் ஒன்று, தகவல் தாள் ஒன்று, இரண்டும் உங்கள் கையில் வர வேண்டும்.

அந்தத் தகவல் தாளில் நான் முதலில் தேடச் சொல்வது மருந்தின் பெயரை அல்ல. குழந்தை எந்தக் குழுவில் விழும், அது குலுக்கல் முறையா, வெற்று மருந்து கிடைக்க எத்தனை வாய்ப்பு என்பதை. வெற்று மருந்து என்றால் மருந்துபோலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. அதற்குக் குணப்படுத்தும் சக்தி இல்லை என்று படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும், சோதிக்கப்படும் மருந்து வேலை செய்யாமலும் போகலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். ரோட்டாவாக் ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வெற்றுச் சொட்டுதான் கிடைத்தது. அப்புறம், சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்ற பகுதி. "புதுசா வந்த மருந்து, உங்க பையனுக்கு மட்டும் ஃப்ரீயா" என்று யாராவது சொன்னால் அது ஒப்புதல் வாங்கும் முறையே இல்லை.

பணம். ஆய்வுக்காகக் கொடுக்கும் மருந்துக்கும், ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் உங்களிடம் பில் போடக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல். பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் ஆசை காட்டுகிற அளவுக்குப் பெரிய தொகை கூடாது.

ஆய்வின்போது குழந்தைக்கு ஏதாவது பாதிப்பு வந்தால், தேவைப்படும் வரை இலவச சிகிச்சை தர வேண்டும், அந்தப் பாதிப்புக்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகும் வரை. கவனியுங்கள், முதலில் நீங்கள் நிரூபித்துவிட்டு வரச் சொல்லவில்லை. சம்பந்தம் உண்டு என்று தெரிந்தால் இலவச சிகிச்சைக்கு மேல் தனியாக இழப்பீடும் உண்டு. மருந்தின் பக்கவிளைவு மட்டும் இல்லை. ஆய்வுத் திட்டத்தை மீறியதால் வந்தது, வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைக் கொடுக்காமல் வெற்று மருந்து கொடுத்ததால் வந்தது, ஆய்வுக்காகச் செய்த ஒரு நடைமுறையால் வந்தது, எல்லாமே கணக்கில் வரும்.

எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மரணம் என்றால் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய், அதை வயதுக்கான எண்ணால் பெருக்கி, ஆபத்துக்கான எண்ணால் பெருக்கி, 99.37 ஆல் வகுக்க வேண்டும். வயது எண் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலிருந்து எடுத்தது, 16 வயதும் அதற்குக் கீழும் 228.54, அதுதான் அட்டவணையிலேயே அதிகம். 65-ஐத் தாண்டியவருக்கு 99.37. ஆபத்து எண், சேரும்போது உடல்நிலை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து 0.5 முதல் 4 வரை. ஆரோக்கியமான குழந்தை, தடுப்பூசி ஆய்வு மாதிரி, என்றால் 4. கணக்குப் போட்டால் சுமார் 73.6 லட்சம். நடுத்தர ஆபத்துள்ள நோயாளி என்றால் எண் 2, சுமார் 36.8 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் பிழைப்பது கடினம் என்ற நிலையில் சேர்ந்த குழந்தைக்கு 0.5, சுமார் 9.2 லட்சம். 30 நாளுக்குள் இறக்க 90 சதவீத வாய்ப்பு என்ற நிலையில் சேர்ந்தவருக்கு சூத்திரமே இல்லை, 2 லட்சம்தான். முழு நிரந்தர ஊனம் என்றால் மரணத் தொகையில் 90 சதவீதம், ஊனம் குறைவாக இருந்தால் அந்த விகிதத்தில் குறையும்.

குழந்தையின் உயிரை இப்படிப் பெருக்கி வகுப்பதைப் படிக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் 2013-க்கு முன்பு இழப்பீடு பற்றித் தெளிவான விதியே இல்லை, நிறுவனம் கொடுத்ததுதான் தொகை என்ற நிலை இருந்தது. அதோடு ஒப்பிட்டால் கணக்கு தெரிவது நல்லது. வருமானக் கோட்டைப் பார்த்து அக்கா, "நாம கம்மியா சம்பாதிக்கிறோம்னா கம்மியா குடுப்பாங்களா" என்று கேட்டாள். இல்லை. மேலே சொன்ன சூத்திரத்தில் குடும்ப வருமானத்துக்கு இடமே இல்லை.

கால வரம்பும் உண்டு. மரணம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை போன்ற தீவிரப் பாதிப்பு என்றால் ஆய்வு நடத்தும் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும், ஆய்வுக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதிகாரி 90 நாளில் உத்தரவு போட வேண்டும், உத்தரவு வந்த 30 நாளில் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆய்வில் இருக்கும் குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்து பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனால்கூட, ஆய்வுக்காரர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள், அந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விலகலாமா? விலகலாம், காரணம் சொல்ல வேண்டாம், விலகியதால் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது. குழந்தை "வேண்டாம்" என்றாலும் மதிக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. இதற்கு ஒரே ஒரு விலக்கு. உயிருக்கு ஆபத்தான நோய், ஆய்வை விட்டால் குழந்தைக்குத்தான் கெடுதல் என்று டாக்டரும் பெற்றோரும் நினைத்தால், பெற்றோரின் ஒப்புதலோடு தொடரலாம். புற்றுநோய் வார்டில் ஊசியைப் பார்த்து அழுகிற ஐந்து வயதுக் குழந்தையை நினைத்துப் பார்த்தால் இந்த விலக்கு எதற்கென்று புரியும். மற்றபடி ரத்தம் எடுக்கக் கை நீட்ட மறுக்கும் பதினான்கு வயதுப் பெண்ணை அதட்டிச் சேர்ப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

ஆய்வு முடிந்ததும் மருந்து நின்றுவிடும் என்ற கவலை நியாயமானது. மருந்து நன்றாக வேலை செய்து, வேறு மாற்று மருந்தும் இல்லை என்றால், ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், நிறுவனம் தொடர்ந்து இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 27-வது விதி இருக்கிறது. அரிய நோய்க் குழந்தைகளின் பெற்றோர் சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது, முடிந்தபின் கேட்டால் எல்லோரும் மேலே பார்ப்பார்கள்.

இதுவரை சொன்ன சூத்திரமும் 90 நாளும் புது மருந்து ஆய்வுகளுக்கு. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்தை வைத்து மருத்துவக் கல்லூரிகள் தாங்களே நடத்தும் கல்விசார் ஆய்வுகள், ரத்த மாதிரி மட்டும் வாங்கும் ஆய்வுகள் போன்றவை பெரும்பாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலோடும் நடப்பவை. அங்கேயும் பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்றாலும் தொகை இப்படிச் சூத்திரத்தில் வராது. எனவே "இது எந்த வகை ஆய்வு" என்று கேட்டே ஆக வேண்டும்.

பதில் சரிதானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. மருந்து ஆய்வுகளை அதில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். படிவத்தில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கி வருடம், மாதம், எண் என்று ஒரு வரி இருக்கும், அதைப் போட்டுத் தேடினால் எந்தெந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது, யார் பணம் போடுகிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதித்ததா எல்லாம் வரும். நெறிமுறைக் குழு என்பது குறைந்தது ஏழு பேர் கொண்டது. பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள், ஒரு வழக்கறிஞர், மருத்துவமே படிக்காத ஒரு பொதுமனிதர், குறைந்தது ஒரு பெண். புகார் இருந்தால் டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொல்வதைவிட இவர்களிடம் எழுத்தில் கொடுங்கள், தொடர்பு எண் தகவல் தாளில் இருந்தாக வேண்டும். அங்கே பதில் இல்லையென்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதன் தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

அக்கா மறுநாளே கையெழுத்து போடவில்லை. நாலு நாள் கழித்துப் போய், எழுதி வைத்திருந்த ஏழு கேள்வியையும் கேட்டிருக்கிறாள். டாக்டரம்மா கோபப்படவில்லை, ஸ்டீராய்டை எத்தனை வாரத்தில் நிறுத்தலாம் என்று பார்க்கும் ஆய்வு, வெற்று மாத்திரை எந்தக் குழுவுக்கும் இல்லை என்று படம் போட்டுக் காட்டினாராம். பையனிடமும் கேட்டார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, ரத்தம் எத்தனை தடவை எடுப்பீர்கள் என்று. ஆறு தடவை என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடது கையில் எடுத்தால் சரி என்றானாம்.