இறவாரத்து மழைத்துளியும் வீட்டில் செய்த எல்இடி விளக்கும்

கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தார். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். விடியுமுன் எழுந்து விளக்கடியில் கத்தி தீட்டுவார். தம்பி பக்கத்திலேயே தூங்குவான். வேண்டியபோது வெளிச்சத்தைக் குறைக்க, 12 வோல்ட் எல்இடி பட்டையோடு ஒரு வால்யூம் கன்ட்ரோலை (திருகினால் மின்தடை மாறும் குமிழ்) தொடராகக் கோர்த்திருக்கிறார். திருகின் கடைசி நூலிழையில்தான் வெளிச்சமே வந்தது. அப்போது கன்ட்ரோல் சுட்டுப் புகைந்துவிட்டது. ஏன்?

வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். அதில் கொஞ்சம் குறைந்தாலும் மின்னோட்டம் மளமளவென்று சரியும். ஆகவே வோல்ட்டேஜைத் தொடவே கூடாது. விளக்கை முழுசாக எரியவிட்டு, முழுசாக அணைத்து, இதையே வேகமாகச் செய்ய வேண்டும். எரியும் நேரத்தின் பங்கு கூடினால் வெளிச்சம், குறைந்தால் மங்கல்.

அந்த வேலைக்கு 555 டைமர் ஐசி என்ற சின்னச் சில்லு போதும். 1971-இல் ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்தது, இன்றும் டீக்காசு விலைக்குக் கிடைக்கிறது. அதோடு சேர்க்கும் கப்பாசிட்டர், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி: 12 வோல்ட் பேட்டரியில் 8 வோல்ட் வரை நிறையும், பிறகு 4 வோல்ட் வரை வடியும், மறுபடி நிறையும். நிறையும்போது விளக்கு எரியும், வடியும்போது அணையும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள் இரண்டு போட்டால் நிறைவதற்கு ஒரு குழாய், வடிவதற்கு வேறு குழாய். 100 கிலோ ஓம் கன்ட்ரோலைத் திருகும்போது ஒரு குழாயில் எடுத்த மின்தடை மற்றதில் சேர்கிறது. அதனால் ஒரு சுற்றுக்கான மொத்த நேரம் மாறுவதில்லை, பங்குதான் மாறுகிறது. என்ன அழகான ஏற்பாடு! பட்டையின் மின்னோட்டத்தை ஐசி தாங்காது. அதைச் சுமக்க, ஐசி சொல்கிறபடி திறந்து மூடும் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் வையுங்கள்.

கப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட் என்றால் நொடிக்குச் சுமார் 140 முறை எரிந்து அணையும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம் மாவட்டத்து ஆனி மழை பெய்யும் ராத்திரியில், விளக்கை மங்கலாக வைத்து ஓட்டு இறவாரத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோடாக விழுந்த துளி, முத்து முத்தாக அறுந்து நிற்கும். கால் மீட்டர் கீழே முத்துகளுக்கு இடையே ஏறத்தாழ 1.6 செ.மீ., ஒரு மீட்டர் கீழே 3.2 செ.மீ. நான்கு மடங்கு விழுந்தால் வேகம் இரண்டு மடங்கு என்று கலிலியோ கண்டதை, வீட்டுத் திண்ணையில் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். முதல்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளி ஆய்வகத்துக்குப் பூட்டிய அலமாரியைவிட ஒரு சால்டரிங் அயர்னும் ஒரு பெட்டி 555-உம்தான் முதலில் வாங்கித் தரவேண்டும் என்பேன்.

அந்த மாணவிக்கு ஒன்று. துளியை நிறுத்திக் காட்டும் விளக்கு, அசையும் கத்தியையும் துண்டு துண்டாகக் காட்டும். அப்பா கத்தி தீட்டும் விளக்குக்கு 0.01 மைக்ரோஃபாரட் போடுங்கள், துடிப்பு நொடிக்கு 1,400 ஆகிவிடும். 0.1-ஐ மழைக்கு எடுத்து வையுங்கள்.